நெவில் பிளாண்ட்டின் மஞ்சள் கோடுகள்

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை டீக்கோப்பையோடு ஷெட்டுக்குள் நுழைந்த நெவில் பிளாண்ட், காரின் முன் சக்கரத்துக்கு மேலிருந்த ஒரு நட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நட்டின் தலையிலிருந்து அடியிலுள்ள இரும்பு வரை அவர் தம் கையாலேயே இழுத்திருந்த மஞ்சள் கோடு உடைந்திருந்தது. நட்டின் மேலிருந்த பாதிக் கோடு நகர்ந்து போயிருக்க, இரும்பின் மேலிருந்த பாதி பழைய இடத்திலேயே இருந்தது.

வீட்டு ஷெட்டில் சொந்தமாகக் கார் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான் இந்தக் கோடு. ஒரு நட்டை முழுசாக இறுக்கி முடித்ததும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் அங்கே வேலை முடிந்தது என்று அர்த்தம். பிறகு நட்டு ஒரு நூலளவு அசைந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். நெவில் ஆறு வருஷத்தில் இருநூற்றுப் பதினெட்டுக் கோடுகள் போட்டிருந்தார். எண்ணி வைத்திருந்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அவர் எண்ணாமல் விட்டது என்று எதுவும் கிடையாது.

டீயைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தார். அந்தப் பக்கம் ஐந்து கோடுகள் உடைந்திருந்தன. மறுபக்கம் ஆறு. உடனே டார்க் ரெஞ்சை எடுத்துப் பதினொன்றிலும் மாட்டிப் பார்த்தார். இவ்வளவு இறுக்கம் போதும் என்று அளவு வைத்தால், அந்த அளவு வந்ததும் ‘டக்’கென்று சொல்கிற ஸ்பானர் அது. ஒரு நட்டும் அசையவில்லை. எல்லாவற்றிலும் டக், டக். வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகி டீயைக் குடித்திருப்பார்கள். நெவிலுக்கு அதுதான் பெரிய சந்தேகமாகப் போயிற்று. எவனோ வந்திருக்கிறான், கழற்றியிருக்கிறான், எதையோ மாற்றிவிட்டுத் தடம் தெரியாமலிருக்கத் திரும்ப முடுக்கி வைத்திருக்கிறான்!

சந்தேகம் அவர் கூடவே பிறந்தது. மனைவி ஐரீன், கல்யாணத்துக்கு முன்னால் தன் அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொல்லி பஸ் ஏறியபோது, அந்த பஸ்ஸின் பின்னாலேயே சைக்கிளில் போய்ப் பார்த்தவர் அவர். ஐரீன் பின் ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். அப்படியும் அவரைக் கட்டிக்கொண்டாளே, அது அவள் பெருந்தன்மை. ஸ்டோக் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தார். வேலையில் ஒரு சொட்டை சொல்ல முடியாது. சொன்னால் என்ன ஆகும் என்பது கூட வேலை செய்த டெட்டுக்குத் தெரியும். “நெவ், அந்த பிராக்கெட்டைத் தலைகீழா மாட்டியிருக்கியே” என்று 1994-ல் ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. பிராக்கெட் தலைகீழாகத்தான் இருந்தது. ஆனாலும் டெட் அதை எந்த எண்ணத்தில் சொன்னான் என்பதுதான் நெவிலின் கேள்வி. கூடப் பிறந்த தம்பி, நெவில் ஹாலுக்கு ஒட்டிய சுவர்க் காகிதம் சாய்வாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இன்றுவரை கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை ஐரீன் பெயருக்குத்தான் அனுப்புகிறார்.

பணி ஓய்வு பெற்ற வருஷம்தான் கார் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. குழாய்களைப் பற்றவைத்த சட்டம், ஃபைபர் உடம்பு, நாலு பெட்டி நிறைய நட்டும் போல்ட்டும். அவற்றை மூன்று நாள் உட்கார்ந்து எண்ணிவிட்டு, மூன்று நட்டுகள் குறைகிறது என்று கம்பெனிக்குப் போன் போட்டார். அவர்கள் மூன்று நட்டுகளும், வருத்தம் தெரிவித்து ஒரு பொட்டலம் மிட்டாயும் அனுப்பினார்கள். மிட்டாய் எதற்கு என்று புரியாமல் ஒரு வாரம் அதைப் பிரிக்கவேயில்லை.

எஞ்சினை, பின்னால் இடிபட்டு நொறுங்கிய ஒரு குடும்பக் காரிலிருந்து எடுத்தார். டர்போ வைத்த எஞ்சின். வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்திலேயே ஒரு குட்டிக் காற்றாடியைச் சுழற்றி, அதன் பலத்தில் எஞ்சினுக்கு மூச்சைத் திணித்து ஊட்டுகிற ஏற்பாடு. அரை டன்னை விடக் கொஞ்சம் கூடுதலாக மட்டுமே எடையுள்ள இரண்டு சீட்டுக் காரில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்தே நெவில் இளைத்தார். முதல் ஓட்டத்தில் ஐரீனைப் பக்கத்தில் உட்காரவைத்து லண்டட்னோ கடற்கரைக்குப் போவதாகப் பேச்சு.

கூட ஆர்டர் போட்டவர் ரோலண்ட் ஹீத். டிப்போவில், பஸ்ஸுக்கு அடியில் இறங்கி நிற்கிற பக்கத்துக் குழியில் வேலை செய்தவர், முப்பத்தேழு வருஷப் பழக்கம். அவர் காரும் பாதி வரை எழும்பியது. பிறகு வலது முழங்கால் கெட்டுப்போய், அவ்வளவு தாழ்வான காரில் ஏறி இறங்க முடியாது என்று ஆனதும் விற்றுவிட்டார். செவ்வாய்க்கிழமை தவறாமல் நெவில் ஷெட்டுக்கு வந்து ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து டீ குடிப்பார். நெவில் பாத்ரூம் போக வேண்டுமென்றால், “வாடா, உள்ள போயிட்டு வரலாம்” என்று ரோலண்டையும் எழுப்பி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஷெட்டில் யாரையும் தனியாக விட்டதில்லை. ரோலண்ட் ஒரு நாளும் இதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை, முனகிக்கொண்டே எழுந்து வருவார்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகப் புதுக் கோடுகள் உடைந்திருந்தன. ஆக, வியாழக்கிழமை. வியாழன் காலையில்தான் நெவில் உதிரிபாகம் தேடிக் காயலான் கடைகளுக்குப் போவார். பூட்டை மாற்றினார். ஒரு சாவி பாக்கெட்டில், இன்னொன்று அவசரத்துக்கு என்று வழக்கம்போல டீத்தூள் டப்பாவில். அப்படியும் கோடுகள் உடைந்தன. பூட்டில் ஒரு கீறல் கூட இல்லை. உடைந்த கோடு ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அழித்துவிட்டுப் புதுக்கோடு போட்டார். நாலாவது வியாழக்கிழமை ஐரீனின் டால்கம் பவுடரை எடுத்துத் தரையில் மெல்லிசாகத் தூவிவிட்டுக் கிளம்பினார். திரும்பி வந்து பார்த்தால், காரைச் சுற்றிலும் காலடித் தடம். இடது கால் சுத்தமாகப் பதிந்திருந்தது. வலது கால் ஒவ்வொரு அடியிலும் இழுபட்டிருந்தது.

“ரோலண்ட்தான்” என்றார் சமையலறையில் வந்து நின்று.

ஐரீன் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. “எதுக்கு அவன் உன் நட்டைக் கழட்டணும்?”

“வயித்தெரிச்சல். தன்னால முடியலல்ல? என் டர்போவ மாத்திட்டுப் பழசை வெச்சிருப்பான். இல்ல, கார ரோட்டுல விடறதுக்கான கவர்ன்மென்ட் டெஸ்ட்டுல நான் ஃபெயிலாகணும்னு ஏதாவது பண்ணியிருப்பான்.”

“நெவில், டெட் போனான். உன் தம்பி போனான். இந்த வீட்டுப் படியேறி வர்றதுக்கு மிச்சமிருக்கறது ரோலண்ட் ஒருத்தன்தான். அவனையும் தொரத்திட்டு நீ யார் மூஞ்சில முழிக்கப் போற? முதல்ல தனியாக் கூப்பிட்டுக் கேளு.”

தனியாகக் கேட்டால் மழுப்பிவிடுவான் என்று நெவில் முடிவு கட்டிவிட்டார்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் கார் கட்டுகிறவர்கள் சங்கம் ஒரு பப்பின் வாசலில் கூடும். கார்களை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, கையில் சீஸும் பேக்கனும் வைத்துச் சுருட்டிய ஓட்ஸ் தோசையான ஓட்கேக்கோடு ஒருவர் எஞ்சினை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நிற்பார்கள். ஏப்ரல் மாதக் கூட்டத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். நெவில் போட்டோக்களை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக ரோலண்டிடம் போனார்.

“வியாழக்கிழமை காலைல நீ எங்கடா இருந்த?”

“ஏன்?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

ரோலண்ட் ஓட்கேக்கைத் தட்டில் வைத்தார். “உன் ஷெட்டுலதான்.”

“கேட்டுக்கிட்டீங்களா? அவனே ஒத்துக்கறான்!” நெவிலின் குரல் வாசலைத் தாண்டிப் போனது. “நாப்பத்தி மூணு நட்டு! ஒரு மாசமாத் திருட்டுத்தனமா வந்து கைய வெச்சிருக்கான். தனக்கொரு கார் கட்டத் துப்பில்ல, அடுத்தவன் கட்டினா பொறுக்கல. திருட்டுப்பய!”

“நெவில், கொஞ்சம் மெதுவாப்பா” என்றார் சங்கச் செயலாளர் மாரிஸ்.

“நான் என்னத்த எடுத்தேன், அதச் சொல்லு” என்றார் ரோலண்ட்.

“அத நீதான் சொல்லணும்!”

ரோலண்ட் சுற்றி நின்ற முகங்களை ஒரு தடவை பார்த்தார். “ஒண்ணும் எடுக்கல. இங்க வெச்சு இதுக்கு மேல சொல்றதுக்கில்ல.” காலை இழுத்துக்கொண்டே தம் வண்டிக்குப் போய் ஏறிக் கிளம்பிவிட்டார். நெவிலுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. ஆனால் அன்றைக்கு ஒருவரும் பக்கத்தில் வந்து பேசவில்லை.

விஷயம் கேள்விப்பட்டதும் ஐரீனின் முகம் வெளுத்துவிட்டது. ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, “சரி, சரி” என்று மட்டும் சொல்லி வைத்தாள். அப்புறம் மூன்று நாள் தட்டில் சோறு விழுந்தது, பேச்சு விழவில்லை. யார் போன் பண்ணியது என்று நெவிலுக்கு உடனே மூக்கு வியர்த்தது. ஐரீனுக்கும் ரோலண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்குமோ என்று கூட யோசித்தார். அறுபத்து மூன்று வயதில் அவளுக்கு இந்தப் பெருமையும் கிடைத்தது.

புதன்கிழமை, மாரிஸின் இழுவை வண்டியில் காரை ஏற்றி ட்யூனிங்குக்காக ஜாஸிடம் கொண்டுபோனார். ஜஸ்விந்தர் என்ற ஜாஸ், வுல்வர்ஹாம்டனில் உருளை மேடை வைத்திருக்கிற பஞ்சாபிக்காரர். காரை மேடையில் வாரால் கட்டி, சக்கரங்கள் உருளைகளின் மேலேயே ஓட, நின்ற இடத்தில் முழு வேகத்தையும் கொடுத்து எஞ்சினைப் பதப்படுத்துவார். நெவில் போனதும் போகாததுமாகப் போட்டோக்களை நீட்டினார்.

“இந்த நட்டெல்லாம் ஒருத்தன் கழட்டியிருக்கான். உள்ள என்னத்த மாத்தியிருக்கான்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

ஜாஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் போட்டோவுக்குத் திரும்பிப் போய் மறுபடி பார்த்தார். “அங்கிள், இது கழட்டினது இல்லயே.”

“கோடு உடைஞ்சிருக்கு பாரு!”

“உடைஞ்சிருக்கு. எந்தப் பக்கமா உடைஞ்சிருக்கு? கழட்டியிருந்தா கோடு பின்னாடி போவும். இது அத்தனையும் கடிகாரம் சுத்தற பக்கமா முன்னாடி போயிருக்கு. ஒண்ணு கூட மாறல. யாரோ உங்க நட்டை இறுக்கியிருக்காங்க.”

நட்டோடு முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு இது தெரியாமல் போயிற்று. அவர் ஒரு மாதமாகக் கோட்டையா பார்த்தார்? கோட்டை உடைத்தவன் முகத்தை அல்லவா தேடிக்கொண்டிருந்தார்.

“ஏற்கெனவே இறுக்கினதை எதுக்கு இறுக்கணும்?” என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

ஜாஸ் காரை லிஃப்டில் தூக்கினார். கோடு உடையாத நட்டாகப் பார்த்து, பின் சக்கரம் தாங்கும் இடத்தில் தம் டார்க் ரெஞ்சை மாட்டி இழுத்தார். மஞ்சள் கோடு மெல்ல நகர்ந்தது. நகர்ந்துகொண்டே போய் மூன்றில் ஒரு சுற்று முடிந்த பிறகுதான் ‘டக்’ என்றது.

“உன் ரெஞ்சு சரியில்ல” என்றார் நெவில் உடனே.

“அப்ப உங்களுதக் குடுங்க.” ஜாஸ் நெவிலின் ரெஞ்சை வாங்கி, மேஜையில் பதித்திருந்த அளவுமானியில் மாட்டி இழுத்தார். ரெஞ்சில் வைத்திருந்த அளவு எண்பது. அளவுமானி ஐம்பத்தைந்து காட்டும்போதே ரெஞ்சு ‘டக்’ என்றது. மூன்று தடவையும் அப்படியேதான்.

“இத எப்பிடி வெப்பீங்க அங்கிள்?”

“பெட்டில.”

“அளவ அடிமட்டத்துக்கு இறக்கிட்டுத்தானே?”

“எதுக்கு இறக்கணும்? எண்பதுதான எப்பவும் வேணும். எண்பதுலயே கெடக்கும்.”

“போச்சு!” ஜாஸ் தலையில் கை வைத்தார். “உள்ள ஸ்பிரிங்கு இருக்குல்ல? ஆறு வருஷம் அமுக்கியே வெச்சா அது என்னத்துக்கு ஆவும்? நேத்து வேலைக்குச் சேர்ந்த பையன் பண்ற தப்பு அங்கிள் இது. நீங்க டிப்போ ஃபிட்டர்!”

டிப்போவில் வேலை முடிந்ததும் ரெஞ்சைக் கருவி அறைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அளவை இறக்கிப் பெட்டியில் வைத்தது அங்கிருந்த பெர்சி. முப்பத்தொரு வருஷமாக யாரோ ஒருவர் தமக்காக அதைச் செய்துகொண்டிருந்தார் என்பதே நெவிலுக்குத் தெரியாது. ஓய்வு பெற்றபோது டிப்போ பரிசாகக் கொடுத்த ரெஞ்சு இது, பெர்சியையும் சேர்த்தா கொடுப்பார்கள்?

ஜாஸ் அடிப்பக்கம் முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தார். மேலே எட்டுகிற இடத்திலெல்லாம் யாரோ சரியாக இறுக்கியிருந்தார்கள். படுத்து நுழைய வேண்டிய இடத்தில்தான் எல்லாம் தளர்ந்து கிடந்தது. ஏன் என்று நெவிலுக்குப் புரிந்துவிட்டது. அந்த முழங்காலோடு ரோலண்ட் எப்படிப் படுப்பான்? அடுத்த யோசனை தானாக வந்தது. லண்டட்னோ சாலை, நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகம், பக்கத்து சீட்டில் ஐரீன், கழன்று ஓடும் முன் சக்கரம். ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் வரை எல்லா நட்டையும் இறுக்கி முடித்த பிறகு காரை உருளையில் ஏற்றி ஓட்டினார்கள். டர்போ விசிலடித்தது, கூரைத் தகரம் அதிர்ந்தது, திரையில் இருநூற்று முப்பத்தொரு குதிரைத்திறன் என்று வந்தது. வேறு நாளாக இருந்தால் மேடையே பொய் சொல்கிறது என்று மூன்று தடவை ஓட்டச் சொல்லியிருப்பார். அன்று எண்ணைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்தவர் ஜாக்கெட்டைக் கூடக் கழற்றவில்லை. ஐரீன் அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

“சாவி நான்தான் குடுத்தேன். வாசல்ல நின்னு டார்ச்சும் நான்தான் புடிச்சேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல? ஞாயித்துக்கிழமையாவது சொல்லியிருக்கலாமே?”

“அன்னிக்குப் போன் பண்ணது அவன்தான். ‘சொன்னா உன்னோடயும் பேச்சை நிறுத்திடுவான். எங்கூட மட்டும் முறிஞ்சதா இருக்கட்டும், ஜாஸ்கிட்ட நான் சொல்லி வெக்கிறேன், அவன் அடில பாத்துக்குவான்’னான்.” ஐரீனின் கண் நிறைந்துவிட்டது. “ஜனவரில முன் சக்கரத்து மேல சாஞ்சானாம், லேசா ஆடிச்சாம். உனக்கு ஒரு நல்லது பண்ணணும்னாக்கூட திருடன் மாதிரி வர வேண்டியிருக்கு நெவில். நானும்தான் திருடி.”

மறுநாள் காலை நெவில் ரோலண்ட் வீட்டுக்குப் போனார். ரோலண்ட் கதவைப் பாதிதான் திறந்தார்.

“நான்... தப்பாப் பேசிட்டேன்டா.”

“சரி.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? இறுக்கத்தான் வந்தேன்னு.”

“இருபத்திரண்டு பேர் முன்னாடியா? டிப்போ ஃபிட்டர் நெவில் பிளாண்ட் இறுக்கின நட்டு தொளதொளன்னு இருந்துச்சுன்னா? அத நான் சொல்லுவனாடா?” அவர் குரல் உயரவேயில்லை. “என்னைத் திருடன்னே நெனச்சுட்டுப் போகட்டும்னு வந்துட்டேன். சரி, டெஸ்ட்டு நல்லாப் பண்ணு.” கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. ஓங்கி அடித்துச் சாத்தியிருந்தால் நெவிலுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மாதக் கடைசியில் அரசாங்க டெஸ்ட்டில் கார் முதல் தடவையிலேயே தேறியது. மே மாத முதல் ஞாயிறு, நம்பர் பிளேட் மாட்டிய புதுக் காரை நெவில் தாமே ஓட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். முடித்த காரை முதன்முதலில் கொண்டுவருகிறவருக்கு அந்தச் சங்கத்தில் ஒரு மரியாதை உண்டு. எல்லோரும் சுற்றி நிற்பார்கள், அவர் பானெட்டைத் தூக்கிவிட்டு, கார் எப்படி உருவானது என்று தலைமுதல் கால்வரை சொல்லுவார். யாரும் குறுக்கே பேசக் கூடாது. ஆறு வருஷமாக நெவில் அந்தப் பேச்சைக் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்தார்.

பானெட்டைத் தூக்கினார். ரோலண்ட் வரவில்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“இதுல நான் போட்ட நட்டு இருநூத்திப் பதினெட்டு. ஒண்ணு கூட ஒழுங்கா இறுக்கல” என்றார்.

யாரோ சிரித்தார்கள். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்கள்.

“ரெஞ்ச எண்பதுலயே வெச்சுப் பெட்டில மூடியிருக்கேன், ஆறு வருஷமா. ஸ்பிரிங்கு செத்துப்போச்சு. ரோலண்ட் அதக் கண்டுபிடிச்சான். சொன்னா நான் சண்டைக்குப் போவேன்னு, எனக்குத் தெரியாம வந்து நாப்பத்தி மூணு நட்டை இறுக்கிக் குடுத்தான். அவனத்தான் போன மாசம் இதே எடத்துல திருடன்னேன். இந்தக் கார் இன்னிக்கு உருப்படியா இங்க வந்து நிக்குதுன்னா அது அவனாலதான். என் பொண்டாட்டி உசுரோட இருக்கறதும் அவனாலதான்.” பானெட்டை மூடினார். “அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல.”

கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மாரிஸ்தான் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏன் நெவில், அந்த ரெஞ்ச... நெஜமாவே இறக்கி வெக்கணுமா?” அவருக்குப் பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரின் முகத்திலும் ஈயாடவில்லை.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. ரோலண்ட் நின்றுகொண்டிருந்தார்.

“பேசினியாமே.”

“ஆமா.”

“நாப்பத்தி மூணுன்னியாம். நாப்பத்தாறு.”

எந்த மூன்று என்று நெவிலின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினார்.

“இன்னொண்ணு” என்றார் ரோலண்ட். “ஞாயித்துக்கிழமை எங்க தெருப் பக்கமாத்தான போன? ரெண்டாவது கியர்ல ‘ஸ்ஸ்’னு ஒரு சத்தம். டர்போலேர்ந்து போற ஹோஸ்ல ஒரு கிளிப்பு காத்து விடுது. காத்து ஒழுகினா உன் குதிரையெல்லாம் ரோட்டோட போயிடும்.” நெவிலை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். “சொல்லலாமில்ல?”

நெவிலின் காது சிவந்தது. ஒவ்வொரு கிளிப்பையும் அவரே தம் கையால் மாட்டியிருந்தார். ஜாஸின் உருளையில் ஒரு சத்தமும் கேட்கவில்லையே. தெருவில் நின்றவன் காதுக்கு அது எப்படிக் கேட்டது? எந்த எண்ணத்தில் சொல்கிறான் என்று டெட்டைப் பற்றி எழுந்த கேள்வி அப்படியே நெஞ்சுக்குள் எழுந்து நின்றது. பிறகு பாக்கெட்டில் கையை விட்டு ஷெட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

“நீயே போய்ப் பாரு. நான் டீ போடறேன்.”

ரோலண்ட் சாவியைப் பார்த்தார். நெவிலைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டே தோட்டத்து வழியாகப் போனார்.

சமையலறையில் ஐரீன் கெட்டிலை ஏற்கெனவே வைத்திருந்தாள். ஷெட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் ஏதோ இரும்பு கீழே வைக்கப்படும் சத்தம், அப்புறம் வெகுநேரம் ஒன்றுமேயில்லை. நெவில் எழுந்து ஜன்னல் வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்து போனார். திரைச்சீலையைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.